ஆறுதல் சொல்லியே வளர்க்கும் கவலை

மனம் பழகுவோம் – 12

சென்ற வாரம் தூக்கம் கெடுவதைப் பற்றிப் பார்த்தோம். அதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தொல்லையை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: ஓயாத கவலை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. தோல் தொழிலை நம்பிய ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் அது வெறும் வணிகச் செய்தி அல்ல. ஆர்டர் குறையுமா, ஆளைக் குறைப்பார்களா, குழுக் கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்ற வீட்டுக் கேள்வி. இந்த ஊர்களுக்கு இது புதிதும் அல்ல. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத தோல் பதனிடும் ஷாப்புகளை மூடவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றைக் காக்க அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது. ஆனாலும் தோலை நம்பிய வீடுகளுக்கு அது கலக்கமான காலம்தான். பிறகு 2020இல் ஊரடங்கு.

ஆகவே, இங்கே ஒருவர் கவலைப்பட்டால் அதை உடனே நோய் என்று சொல்லிவிடக் கூடாது. காரணமுள்ள கவலை ஆளை வேலை செய்யவைக்கும். வேறு கம்பெனியில் விசாரிப்பார், புதுச் சீட்டில் சேராமல் இருப்பார், மகன் கேட்ட பைக்கைத் தள்ளிப்போடுவார். செய்ய முடிந்ததைச் செய்தபின் மனம் கொஞ்சமாவது இறங்கும்.

மருத்துவர்கள் நோய் என்று எடுத்துக்கொள்ளும் கவலை இப்படி இறங்காது. வேலை, பிள்ளை, உடம்பு, பணம் என்று ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும். ஆறு மாதமாக, பெரும்பாலான நாள்களில், நிறுத்த நினைத்தாலும் நிற்காது. கூடவே நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் சிதறுவது, எரிச்சல், கழுத்தும் தோளும் இறுகுவது, தூக்கம் கெடுவது ஆகிய ஆறில் மூன்றேனும் இருக்கும். அன்றாட வேலையையும் அது குலைக்கத் தொடங்கியிருந்தால் சிகிச்சை தேவை.

ஷூ கம்பெனியில் மேல்பகுதி (அப்பர்) தைக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டீ நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுகிறார். “ஏங்க, பையன் வந்துட்டானா?” “வந்துட்டான், நீ வேலையப் பாரு.” நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. பத்து நிமிடத்தில் அடுத்தது: சாப்பிட்டானா, காய்ச்சல் அடிக்கிறதா, நேற்று இருமினானே? சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போன். இரவில் மாமியாரிடமும் அதே கேள்வி. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதே.”

சொல்பவர்களுக்கு அன்பில் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மனம் இதில் வேறு பாடம் படிக்கிறது: ‘கேட்டேன், பதில் வந்தது, அதனால்தான் தப்பித்தேன்.’ கேட்காமல் இருந்தாலும் பையன் நன்றாகத்தான் இருந்திருப்பான் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே வருவதில்லை. அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது. உப்புத் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்க்கிற கதைதான். வீட்டார் ஒரு நாள் பொறுமை இழந்து, “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கத்துவார்கள். அப்போது குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

குடும்பத்தை ஒதுக்கி வைத்து மனநோய்க்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பதைச் செய்துகாட்டிய ஊர் வேலூர். 1957இல் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். மனநோயாளி என்றால் மதில் சுவருக்குள் விட்டுவிட்டு வந்துவிடும் காலத்தில், சேர்க்கப்படுபவரோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கவேண்டும் என்பது இங்கே முறையானது. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகரும் நோயாளிகளின் குடும்பங்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். துணைக்கு ஆள் என்பதற்காக மட்டும் அல்ல. நோய் என்ன, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று குடும்பமும் கற்றுக்கொண்டு திரும்பும்.

கவலை நோய்க்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

முதலில், மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் கவலைப்படுபவரும் வீட்டாரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதில். மறுபடி கேட்டால், “இதுக்குப் பதில் சொல்லியாச்சு. உனக்கு இப்ப பயமா இருக்குன்னு தெரியுது. கொஞ்ச நேரம் சேர்ந்து இருப்போம்.” அவ்வளவுதான். திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஐந்து போனை மூன்றாக்கி, பிறகு ஒன்றாக்குங்கள். ஆரம்பத்தில் படபடப்பு கூடும். பதில் இல்லாமலே அது தானாக இறங்குவதை அனுபவித்துப் பார்ப்பதில்தான் சிகிச்சை இருக்கிறது.

அடுத்து, கவலைக்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகலில் வருவதை ஒரு வரி எழுதிவைத்து, அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். நேரம் வந்ததும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தவணைத் தேதியைப் பற்றி நாளைக்கே யாரிடமாவது பேசலாம்; வாஷிங்டன் போடும் வரியைப் பற்றி நாம் ஒன்றும் செய்ய முடியாது. முதலாவதற்கு ஒரு வேலையை எழுதுங்கள். இரண்டாவதை அப்படியே விடுங்கள். படுக்கப்போகும் நேரத்தை ஒட்டி இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

உடம்பையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். டீயும் காபியும் மிஞ்சினாலும் அப்படித்தான். ஒரு ரத்தப் பரிசோதனை பல குழப்பங்களைத் தீர்க்கும்.

இவ்வளவு செய்தும் இறங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். மாத்திரை தந்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை உடனே அடக்கும், ஆனால் பழகிவிடும். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்குவது ஆபத்து.

வேலூரில் பாகாயம் தவிர, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.

வீட்டாருக்குக் கடைசியாக ஒன்று. திரும்பத் திரும்பப் பதில் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்; பக்கத்தில் இருப்பதை அல்ல.

(அடுத்த வாரம்: பஸ்ஸில் ஏறினாலே மூச்சு முட்டுகிறதா?)