நெடுநாள் நின்ற பழைய கார்: இயந்திரத் தடுமாற்றத்தின் காரணம் அறியும் முறை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தை ஒட்டிய ஜாலான் புசார், வன்பொருள் கடைகளுக்கும் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்கும் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த பகுதியாகும். இன்று அந்நகரில் பழைய கார்களைக் காண்பது அரிது. 35 ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள அங்கே ஒரு திட்டம் உண்டு. அத்திட்டத்தின் கீழ் அவற்றை ஆண்டுக்கு 45 நாட்கள் சாலையில் ஓட்டலாம். எஞ்சிய நாட்களில் அவை நின்றே கிடக்கும்.

இந்நிலை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜோகூர் கடற்பாலம் 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் வேலை செய்த பலரின் கார்கள் அதுவரை வீட்டு வாசலில் ஓடாமல் நின்றன. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்களைத் தோட்ட வீடுகளில் இன்றும் போற்றி வைத்திருப்போர் உண்டு. அத்தகைய காரை மீண்டும் முடுக்கும்போது இயந்திரம் குலுங்கித் தடுமாறினால், "இயந்திரம் கெட்டுவிட்டது, முழுவதும் பிரிக்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். அதனை முறையாகத் தேடினால் பல நூறு வெள்ளி மிச்சமாகும்.

பெட்ரோலும் பாலும்

மங்கில் விட்ட ரப்பர் பால் நேரம் கடந்தால் கட்டிப்பாலாகிவிடும் என்பதை நாம் அறிவோம். பெட்ரோலும் நின்றால் மாறுகிறது. ஆயினும் அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். பெட்ரோல் பல பொருள்களின் கலவையாகும். எளிதில் ஆவியாகி, குளிர்ந்த இயந்திரம் பற்றிக்கொள்ள உதவும் பகுதியே முதலில் பறந்து போகிறது. எஞ்சியது காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து பிசினாகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் வற்றும்போது, ஊசித்துளை போன்ற அதன் ஜெட் துளைகளை இப்பிசின் அடைத்துவிடுகிறது.

ரப்பர்க் குழாய்களும் காலப்போக்கில் இறுகி வெடிக்கின்றன. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும் என்பதால், பெட்ரோல் குழாய்கள் நைட்ரில் எனும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. அதற்கும் ஆயுள் உண்டு. காற்றுக் குழாயில் வெடிப்பு விழுந்தால் தேவைக்கு மேல் காற்று உள்ளே புகுந்து, கலவை நீர்த்துப்போகும். இயந்திரம் தடுமாறும்.

முடுக்குவதற்கு முன்

1. எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். இயந்திர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது, முடுக்கக் கூடாது.

2. பழைய பெட்ரோலை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால் அதனை முழுவதும் இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டலாகாது. பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். அருகில் புகைப்பதும் கூடாது.

3. பேட்டரியை அளந்து பாருங்கள். முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

4. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, இயந்திரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் வலுக்கட்டாயம் செய்ய வேண்டாம். பிளக் கம்பிகளைக் கழற்றுமுன் அடையாளமிட்டு வையுங்கள். நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலானவை 1-3-4-2 என்ற வரிசையில் பற்றுகின்றன. கம்பி இடம் மாறினால் அதுவே புதிய தடுமாற்றத்தை உண்டாக்கும்.

ஓட்டத்தைக் கேட்டு அறிதல்

காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் சென்று முடுக்குங்கள். மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

தடுமாற்றம் ஒரே சீரான தாளத்தில் இருந்தால், ஏதேனும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை எனலாம். அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை வீசினால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி விழவில்லை. பிளக், அதன் கம்பி, டிஸ்டிரிபியூட்டர் மூடியின் ஈரம், பிளாட்டினம் பாயிண்டில் படிந்த களிம்பு ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். பாயிண்டைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்வதற்குச் செலவு மிகக் குறைவு.

தடுமாற்றம் ஒழுங்கின்றி இருந்தால் சோக்கை இலேசாக இழுத்துப் பாருங்கள். உடனே ஓட்டம் சீரானால் கலவை நீர்த்திருக்கிறது என்பது பொருள்; ஜெட் அடைத்திருக்கும், அல்லது காற்றுக் குழாய் வெடித்திருக்கும். சோக்கை இழுத்ததும் நிலைமை மோசமாகிக் கரும்புகை வந்தால், பெட்ரோல் மிகுதியாக வருகிறது. மிதவையோ சோக்கோ சிக்கியிருக்கலாம். மெதுவான ஓட்டத்தில் மட்டும் தடுமாறி, வேகத்தில் சீரானால் மெதுஓட்ட ஜெட்டையும் காற்றுக் கசிவையும் பாருங்கள். மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால் பெட்ரோல் வடிகட்டியையும் பம்பையும் பாருங்கள்.

இறுதிச் சோதனை

இவையெல்லாம் சரியாக இருந்தும் தடுமாற்றம் நீடித்தால், பட்டறையில் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையத்தில் குறை. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் குறை. துருவால் ஒட்டிக்கொண்ட வால்வும், இறுகிய வளையமும் சில நாள் ஓட்டத்தில் தாமாகவே விடுபடுவதுண்டு. ஆதலால் இந்த அளவு கைக்கு வருமுன் இயந்திரத்தைப் பிரிக்க எவருக்கும் இசைவு தரவேண்டாம்.

ஓட்டம் சீராயிற்று என்று உடனே சாலையில் இறங்கிவிடலாகாது. இயந்திரத்தைப் போலவே பிரேக்கும் நின்று துருப்பிடித்திருக்கும்; டயரின் பக்கவாட்டிலும் வெடிப்பு விழுந்திருக்கும். ஓடாத காரைவிட, நிற்காத காரே பெரும் ஆபத்து. அவ்விரண்டையும் சோதித்த பின்னரே குடும்பத்தாரைக் காரில் ஏற்றுதல் வேண்டும்.