பண்டிகைக் கூட்டமும் மறதி நோய் கண்ட முதியவரும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம், மறதி நோய் கண்ட பெரியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் ஒரே விதமான பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்து துன்புறுவதைக் கண்டு வருகிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்கு அழைத்துச் சென்ற தகப்பனாரைக் கடை வாசலில் உட்காரவைத்து, "இங்கேயே இருங்கள் அப்பா, இதோ வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். திரும்பி வரும்போது அவர் அங்கே இருப்பதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் ஒன்றுகூடியிருக்கும் நாலு நாளைச் சௌகரியமாகக் கருதி, தாயாரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், இன்னதென்று அவர் அறியாத பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். இவ்விரண்டும் தடுக்கக்கூடியவை, நேர்ந்துவிட்டாலோ பரிகாரமும் உண்டு.

டிமென்ஷியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய், முதுமையில் யாவருக்கும் வரும் சாதாரண மறதியன்று. ஞாபகத்தோடு கூட, இடத்தையும் காலத்தையும் மனிதரையும் அறியும் சக்தியும், ஒரு செயலின் விளைவைச் சீர்தூக்கும் விவேகமும் இதில் குன்றுகின்றன. பொழுது சாயும் வேளையில் பலருக்குக் குழப்பம் அதிகரிக்கிறது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்து வரும் நேரம் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையுமாகும். இரண்டாவது வேளை அவர்களுக்கு மிகவும் சிரமமானது. அதற்கு முன்பே, தெருவிலிருந்து தள்ளியுள்ள அறையில், விளக்குகள் நன்றாக எரிய, பழகிய ஒருவர் துணையிருக்க அவரை அமர்த்திவிட வேண்டும். வரும் உறவினரும் "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று பரீட்சை நடத்தி அவரை அவமானத்துக்கு உள்ளாக்காமல், தாமே பெயரையும் உறவையும் சொல்லி வணங்குவதே மரியாதை. ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றலோ மயக்கமோ மிகுந்தால், நோய் முற்றிவிட்டது என்று எண்ணிப் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, காணாமற்போகும் ஆபத்து. கூட்டமுள்ள கடைத்தெருவுக்கு அவரை அழைத்துப்போகாதிருப்பதே உத்தமம். எங்கே சென்றாலும் சட்டைப் பையில் பெயரும், நோயின் பெயரும், இரண்டு கைபேசி எண்களும் எழுதிய அட்டை இருக்கட்டும். அன்று அணிந்த உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காணவில்லை என்று தெரிந்தவுடன் 112-ஐ அழையுங்கள். இரயில் நிலையமாயின் 139-ஐயும் அழையுங்கள். ஒரு நாள் பொறுத்துப் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், காவல் நிலையத்திலேயே சிலர் "இரவு வரை பாருங்கள், வந்துவிடுவார்" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான். முதல் சில மணி நேரமே மிகவும் விலைமதிப்பற்றது. புகாரில் வயது, அங்க அடையாளம், உடை, பேசும் மொழி, உட்கொள்ளும் மருந்து, முன்பு குடியிருந்த வீடு, வேலை பார்த்த இடம் ஆகிய அனைத்தையும் எழுதி, மருத்துவச் சீட்டின் நகலையும் இணையுங்கள். பலர் பழைய வீட்டைத் தேடியே நடக்கிறார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையாகக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடையாமல் முதல் தகவல் அறிக்கையைக் கேளுங்கள். அதன் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால், புகாரை எழுத்து மூலமாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரமாயின் ஆணையருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடுமாதலால் அவற்றை உடனே பார்க்கும்படி வற்புறுத்துங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவையும் விசாரியுங்கள்; 108 வண்டி அவரைப் பெயர் தெரியாதவராக அங்கே சேர்த்திருக்கக் கூடும்.

அடுத்தது கையெழுத்து. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தாம் செய்வதைப் புரிந்துகொண்டு அதன் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கும் தெளிவு அந்த வேளையில் இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பெரியவர் தெளிவோடு இருந்தபோது கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும், அவர் அந்தத் தெளிவை இழந்தபின் வலுவிழந்துவிடும்; இதை அறியாமல் அந்தப் பத்திரத்தைக் கொண்டே நிலம் விற்பவர்கள் பின்னர் வழக்கில் சிக்குகிறார்கள். ஆகவே, நோயின் தொடக்கத்திலேயே, இரண்டு சாட்சிகளோடும் மருத்துவரின் தெளிவுச் சான்றோடும் உயில் எழுதச் செய்யுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, நியமனதாரரையும் பதிவு செய்யுங்கள். காலம் கடந்துவிட்டிருந்தால், சட்டப்பூர்வமான காப்பாளரை நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதே வழி. குடும்பத்தார் கூடிப் பேசி ஒருவரைக் காப்பாளராக்கிக்கொள்வது சட்டத்தின் முன் நில்லாது.

சொத்தைத் தானமாக எழுதி வாங்கிக்கொண்டு பின்னர் பெற்றோரைக் கைவிடுவோருக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பதில் சொல்கிறது. அதன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் ரத்து செய்யலாம். ஆதலால் பத்திரத்திலேயே அந்த நிபந்தனையைத் தெளிவாக எழுதச் செய்வது மிகமிக அவசியம். மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. பத்திர நகல், அடையாளச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றை இணைத்து, மனு பெற்றதற்கான ஒப்புகையை வாங்காமல் வெளியே வராதீர்கள். பெரியவரால் இயலாவிட்டால் முதியோர் நலத்துக்கான அமைப்பு அவருக்காக முறையிடலாம். கோட்டாட்சியரின் உத்தரவு பாதகமாயின் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பெரியவரைத் திக்கற்று விட்டுச் செல்வது 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வழிகாட்டுதலுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

சட்டம் இருந்தும் அலுவலகங்களில் மனுக்கள் மாதக்கணக்கில் தூங்குகின்றன. மனு எண்ணைக் குறித்துக்கொண்டு வாரந்தோறும் கேட்டுக்கொண்டேயிருப்பவருக்கே காரியம் நடக்கிறது. அதற்கும் முன்பாக, குடும்பத்தார் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பட்சணம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே அடையாள அட்டையை எழுதுங்கள், புகைப்படம் எடுங்கள், மருத்துவச் சான்றைப் புதுப்பியுங்கள். கூட்டத்தில் அவரைத் தனியே விடாதீர்கள். காணாமற்போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். விருந்துக்கு வந்த இடத்தில் யார் நீட்டினாலும், எந்தத் தாளிலும் அவரைக் கையெழுத்திட விடாதீர்கள்.