கடலையில் படரும் நஞ்சு

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மடிந்தன. தொற்றுநோயோ என முதலில் ஐயுற்றனர். ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து தருவித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் எனத் தெரிந்தது. அதில் படர்ந்திருந்த ஒருவகைப் பூசணம் சுரந்த நஞ்சிற்குப் பின்னர் அஃப்ளடாக்சின் எனப் பெயரிட்டனர்.

எங்கோ நடந்ததென்று நாம் வாளா இருப்பதற்கில்லை. 1974-ஆம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வுணவைத் தின்ற நாய்களும் மாண்டன.

மிகுதியாக உண்டால் நேரும் கேடு இது. சிறிது சிறிதாகப் பல்லாண்டுகள் உட்கொண்டாலோ புற்றுநோய்க்கு இடமாகிறது. உடலிற் புகுந்த நஞ்சைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரலின் தொழில். ஆனால் இந்நஞ்சைச் சிதைக்கையில் அதனினும் கொடிய பொருளொன்று ஈரலிலேயே உண்டாகிறது. அது உயிரணுக்களின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு, அவை அளவோடு வளரும் முறையைக் கெடுக்கிறது. காமாலையை விளைக்கும் 'பி' வகைக் கிருமி உடலில் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்காகும்.

வறுப்பதாலோ வேகவைப்பதாலோ இந்நஞ்சு முற்றும் நீங்காது. ஆதலால் களத்திலேயே தடுத்தாக வேண்டும். இப்பூசணம் மண்ணில் இருப்பது. முதிரும் பருவத்தில் பயிர் வறட்சியால் வாடினாலும், பூச்சி துளைத்தாலும், காயின் ஓடு உடைந்தாலும் உள்ளே புகுந்துவிடும். பிடுங்கிய செடியைப் பச்சையாகவே குவித்துவைப்பது பெருங்கேடு. காய்கள் மேல்நோக்கி இருக்குமாறு செடிகளைப் பரப்பி உலர்த்துக. காயின் ஈரம் 8 விழுக்காட்டிற்கு இறங்க வேண்டும். அப்பொழுது காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும். மூட்டைகளை வெறுந்தரையில் இடாது பலகைமேல் அடுக்குக. உடைப்பது எளிதாகும், எடையும் கூடும் என்று காயின்மேல் தண்ணீர் தெளிப்போர் உளர். பூசணத்தை விருந்துக்கு அழைக்க இதனினும் நல்ல வழி இல்லை.

பொறுக்கித் தள்ளிய சொத்தைப் பருப்பை வீணாக்க மனமின்றிச் செக்கிற்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. கறவை மாடு அதைத் தின்றால் ஓரிரு நாளில் பாலிலும் நஞ்சு இறங்கும். அப்பாலைக் குடிப்பவர்கள் நம் குழந்தைகள். சில ரூபாய் இழப்பைப் பாராது அப்பருப்பைப் புதைத்துவிடுக.

ஊராட்சி மன்றத்தார் செய்யக்கூடியதும் உண்டு. பொதுக் களம் இல்லாத ஊரில் சிமெண்டுக் களம் ஒன்று அமைக்கலாம். அறுவடையின்போது மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய்கள் வாங்கி வைத்து, முறைவைத்துக் கொடுக்கலாம். நெல்லுக்கெனக் கட்டிய களத்தில் கடலைக்கு இடமில்லை என்று பூசல் எழுமாயின், அறுவடை தொடங்குமுன்பே மன்றம் கூடி யாருக்கு எந்நாள் என வகுத்துக்கொள்ளலாம்.