கல்லாவில் இருப்பவரின் மனம்

உறுவையாறு போன்ற வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. விடியலில் பால் பாக்கெட்டுக்காகத் திறக்கும் கடை, இரவில் கடைசி வாடிக்கையாளர் போன பிறகே மூடப்படுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்றால் மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். ஆனால் மொத்தக் கடைக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், ஊரில் வராமல் நிற்கும் கடனும் தூக்கத்தைக் கெடுத்தால், அதை நோய்க் கணக்கில் நாம் எழுதுவதேயில்லை.

உண்மையில் இரண்டும் ஒரே பேரேட்டில் வருபவை. ஓயாத கவலையில் உடலில் கார்டிசால், அட்ரினலின் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன; அவை இரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. மனச்சோர்வு கொண்டவர் வேளைக்குச் சாப்பிடுவதில்லை, மாத்திரையையும் மறக்கிறார். சிலர் மாலையில் மதுவைத் தேடுகின்றனர். (நம் பகுதியில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதை நாம் அறிவோம்.) பிறகு, மருந்து மாற்றியும் சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டரிடம் குறைப்படுகிறோம்.

இது பட்டணத்துப் பேச்சு என்று ஒதுக்குவதற்கில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2015இல் இலட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள் என நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் புதுச்சேரிதான். அகில இந்திய அளவோ 10.6.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம், பசி இரண்டும் கெட்டு, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்து, கணக்கு நோட்டைத் திறக்கவே மனமில்லாமல் ஒருவர் இருந்தால், அது சோம்பல் அன்று. "நான் இருந்து என்ன பயன்" என்று அவர் சொன்னால் வெறும் பேச்சென விடக்கூடாது. சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை; பலருக்குப் பாரம் இறங்குகிறது.

கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஊரார் பார்த்துவிடுவார்களோ என்று தயங்குவோர் வீட்டிலிருந்தே 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்த 'டெலி மானஸ்' சேவை இலவசம்; 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டை அடுத்து புதுப்பிக்கும்போது, அது பாலிசியில் எழுத்தில் உள்ளதா என்று முகவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளவும்.