மருந்து அடிக்க அடிக்க கூடுதா சிவப்புச் சிலந்தி? மாடித்தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் கடலூர், சிதம்பரம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரே புலம்பல்தான். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு... இப்போ கத்தரி இலை எல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கு." உரம் பத்தலையோ என்று உரம் வைப்பார்கள். தண்ணி பத்தலையோ என்று ரெண்டு குடம் கூடுதலாக ஊற்றுவார்கள். கடைசியில் மருந்துக் கடைக்குப் போய், "அண்ணே, இலையில வெள்ளைப் புள்ளி புள்ளியா இருக்கு, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டு, ஒரு சின்ன பாட்டிலை வாங்கி வந்து அடிப்பார்கள். நாலு நாள் அமைதி. பத்தாவது நாள் செடி முழுக்க நூலாம்படை!

இது பல வீடுகளில் வருஷா வருஷம் நடக்கிற கதை. காரணம் சிவப்புச் சிலந்தி. செஞ்சிலந்தி, சிலந்திப்பேன் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். பெரும்பாலான வீடுகளில் இதை விரட்ட எடுக்கும் முதல் முயற்சியே இதை வளர்த்து விடுகிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

இது பூச்சியே இல்லை!

பூச்சிக்கு ஆறு கால். சிலந்திப்பேனுக்கு எட்டு. முட்டையிலிருந்து வரும்போது மட்டும் ஆறு காலோடு வரும், தோல் உரித்து வளர்ந்தபின் எட்டாகிவிடும். அதாவது இது சிலந்தி, தேள், உண்ணி வகையறாவின் சொந்தக்காரன். வளர்ந்ததே அரை மில்லி மீட்டர்தான் இருக்கும். ரவையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து, ஊசி மாதிரி வாயால் ஒவ்வொரு செல்லாகக் குத்தி, பச்சையத்தை உறிஞ்சி எடுக்கும். மேலே தெரியும் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் அப்படிக் காலியான இடம்.

வெயில்தான் இதற்குத் தீனி. 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வறண்ட காற்றும் கிடைத்தால் முட்டை வளர்ந்து, மறுபடி முட்டையிடும் தாயாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு தாய் நூறு முட்டை வரை போடும். ஆண் துணை இல்லாவிட்டாலும் நிற்காது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், கருவுற்றதிலிருந்து பெண். தனியாக வந்து சேர்ந்த ஒரே ஒரு பெண்கூட ஒரு குடும்பத்தை ஆரம்பித்துவிடும் என்பது இதனால்தான். செடி காய்ந்துபோனால் நூல் விட்டு, காற்றில் மிதந்து பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

கடலூரில் கடல் காற்று இருக்கிறதே, ஈரப்பதம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஊருக்குக் கடல் காற்று, மொட்டை மாடிக்கு கான்கிரீட் அனல். அக்னி நட்சத்திர மதியத்தில் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் செடியின் நிலைமை புரியும். சுவரோரமாகவும், ஷீட் போட்ட கூரைக்குக் கீழேயும் மழை படாத மூலையில் இருக்கும் பைகளைத்தான் இது முதலில் பிடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். வெளுத்த இலையைத் தாளுக்கு மேல் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது மெல்ல நகர்ந்தால் அதுதான். செல்போன் கேமராவை ஜூம் செய்து இலையின் அடியைப் பார்த்தால் உருண்டையான முட்டைகள்கூடத் தெரியும். பெயர் சிவப்பு என்றாலும் எல்லாம் சிவப்பாக இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் ரெண்டு கரும்புள்ளி வைத்த வகையும் உண்டு.

மருந்து அடித்தால் ஏன் கூடுது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்டால் கிடைப்பது பூச்சிக்கான மருந்து. அசுவினி, வெள்ளை ஈ, காய்ப்புழு ஆகியவற்றுக்காகச் செய்தது. வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் வாங்கும் இமிடாகுளோபிரிட், சைபர்மெத்ரின் போன்றவை சிலந்திப்பேனைச் சரியாகத் தொடுவதில்லை. ஆனால் அதைத் தின்று வாழும் ஜீவன்களைத் தொடும்.

யார் அந்த ஜீவன்கள்? கடுகு மாதிரி கறுப்பாக இருக்கும் ஒரு குட்டிப் பொறிவண்டு. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. இவை போக, சிலந்திப்பேன் அளவிலேயே இருக்கும், ஆனால் அதைவிட வேகமாக ஓடும் இரைபிடி சிலந்திப்பேன்கள். காசு கொடுத்து வாங்காத காவலாளிகள் இவை. ஒரு தடவை மருந்து அடித்தால் காவல் போய்விடும், திருடன் இருப்பான். அது மட்டுமா? இமிடாகுளோபிரிட் பட்ட செடிகளில் சிலந்திப்பேன் வழக்கத்தைவிட அதிக முட்டையிடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பத்தாம் நாள் நூலாம்படைக்கு இதுதான் கணக்கு.

சரி, சிலந்திக்கென்றே இருக்கும் மருந்தை அடித்தால்? கொஞ்ச நாள் கேட்கும். ரெண்டு புள்ளிச் சிலந்திப்பேனின் மரபணு வரிசை 2011-ல் முழுசாகப் படிக்கப்பட்டபோது, விஷத்தை உடைத்துத் தள்ளும் மரபணுக்கள் அதில் எக்கச்சக்கமாகப் பெருகியிருப்பது தெரிந்தது. உலகம் முழுக்க 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு இது தாக்குப்பிடித்த பதிவு இருக்கிறது. ஆயிரத்துக்கும் அதிகமான செடி வகைகளைத் தின்று பழகிய வயிறு, எதையும் செரிக்கும்.

பழைய விவசாயிகள் பலருக்கு "கெல்தேன்" பெயர் நினைவிருக்கும். டைகோஃபால் என்ற அந்த மருந்து டி.டி.டி-யிலிருந்து தயாரானது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது, இந்தியாவும் 2023-ல் தடை செய்துவிட்டது. யாராவது பழைய டப்பாவை எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம்.

தண்ணிதான் முதல் மருந்து

கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் வீட்டு அளவில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. ரொம்ப வெளுத்துப்போன, நூல் கட்டிய இலைகளை முதலில் கிள்ளி ஒரு கவருக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். அதைக் குப்பை உரத்தொட்டியில் போடக்கூடாது, அங்கிருந்து நடந்தே திரும்பி வந்துவிடும். பிறகு காலையில், ஹோஸ் முனையை விரலால் அழுத்தியோ கைத்தெளிப்பானை வைத்தோ, இலையின் அடிப்பக்கம் படும்படி கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். மேலே மட்டும் அடித்தால் செடி குளிக்கும், அவ்வளவுதான். மூணு நாள் தொடர்ந்து செய்தால் கூட்டம் பெருமளவு குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தத் தொல்லை தானாக அடங்குவதும் இதே காரணத்தால்தான்.

பாதித்த தொட்டியைத் தனியாக நகர்த்தி வையுங்கள். நல்ல செடிகளுக்கு வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் நோயாளியிடம் வாருங்கள். கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறுவது இதற்கு வழக்கம். அசுவினிக்குச் சாம்பல் தூவிப் பழகியவர்கள் இதற்கும் தூவுவார்கள். தேவையில்லை. தூசி படிந்த இலை சிலந்திப்பேனுக்கு சவுகரியம், அதை வேட்டையாடுபவைக்குத்தான் தொந்தரவு. ரோட்டோர வீடுகளில் இது அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேப்பெண்ணெய்: கலப்பதில் இருக்கு சூட்சுமம்

"வேப்பெண்ணெய் அடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்பவர்களில் பாதிப் பேர் எண்ணெயைத் தண்ணீரில் நேராக ஊற்றியவர்கள். எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வந்து இலையைக் கருக்கும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும். அதில் முதலில் கரைத்த காதி சோப்பைக் கொஞ்சம் சேர்த்துக் குழைத்து, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்தால் மோர் மாதிரி வெளுக்கும். அதுதான் பதம். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்.

கடலூரில் கடலோரப் பகுதிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து தயிர்க்கட்டி மாதிரி மிதக்கும், எண்ணெயும் கலக்காது. இந்த ஒரு லிட்டருக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ எடுத்துக்கொள்வது நல்லது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின், முதலில் ரெண்டு இலைக்கு மட்டும் அடித்துப் பாருங்கள். மறுநாள் கருகவில்லை என்றால் மொத்தச் செடிக்கும் அடிக்கலாம். ஒரு தடவையோடு நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. எண்ணெய்க் கரைசல் பட்ட பேன் சாகும், ஆனால் எல்லா முட்டையும் சாகாது. வெயில் காலத்தில் முட்டை மூணு நாலு நாளில் பொரிந்துவிடும். பொரிந்தது வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு விழ வேண்டும். ஆகவே ஐந்து நாளைக்கு ஒருமுறை, குறைந்தது மூணு தடவை. செடி தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் மூணாவதை விடக்கூடாது.

நனையும் கந்தகத்தூளும் சிலந்திப்பேனுக்குக் கேட்கும், லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் மே மாத வெயிலில் கந்தகம் இலையைப் பொசுக்கும். வேப்பெண்ணெய் அடித்து ரெண்டு வாரம் ஆகாமல் அடித்தாலும் அதே கதிதான். பாகல், புடல், பூசணி வகைக்கு வேண்டாம்.

கஞ்சா செடியையும் விடாத பேன்

உலகம் முழுக்க இந்தச் சிலந்திப்பேனைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்களில் வீட்டில் கஞ்சா வளர்ப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் 3 செடி வரை வீட்டில் வளர்க்கலாம். இந்தியாவில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் குற்றம், 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். அந்த விவகாரம் தனி. ஆனால் அங்கே நடந்த ஒன்று நம்மூர் கத்தரிக்கும் பொருந்தும். கஞ்சா சட்டப்பூர்வமான அமெரிக்காவின் டென்வர் நகரில், அனுமதியில்லாத மருந்துகளை அடித்ததாகப் பல்லாயிரம் செடிகளை 2015-ல் நகர நிர்வாகம் முடக்கி வைத்தது. செடியில் அடித்த மருந்து பயன்படுத்துபவரின் உடம்புக்குள்தான் போகும் என்பதே அவர்களின் பயம்.

இங்கே வெண்டையை நாளொரு காயாகப் பறிக்கிறோம். மருந்து டப்பாவில் 'காத்திருப்பு நாள்' என்று ஒன்று அச்சிட்டிருக்கும், அடித்தபின் அத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கும் வீட்டில் அதை யார் கடைப்பிடிப்பார்கள்? மாடித்தோட்டம் போட்டதே மருந்தில்லாத காய்க்காகத்தான். வேறு வழியே இல்லாமல் வாங்கினால், டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில்தான் பச்சை. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது.

வெளுத்ததெல்லாம் சிவப்புச் சிலந்தியா?

இல்லை. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது இலைப்பேன் வேலை. கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு போனால் மஞ்சள் சிலந்தி. இது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பேன், நூல் கட்டாது, கொழுந்தைத்தான் பிடிக்கும். மல்லி, முல்லை இலையில் வெள்ளைக் கம்பளி மாதிரி படர்ந்தால் அது வேறொரு சிலந்திப்பேன். அதற்குப் பாதித்த கிளையை வெட்டி எடுப்பதே முதல் வைத்தியம். 1998-ல் கேரளத்தில் முதலில் தெரிந்து, பிறகு தமிழ்நாட்டுத் தென்னைகளின் குரும்பைகளைச் சொறி பிடிக்க வைத்த ஈரியோபைட் சிலந்தி இதன் பங்காளிதான்.

யூரியாவை அள்ளி வைத்த செடியில் சிலந்திப்பேன் வேகமாகப் பெருகும், தண்ணீர் காய்ந்த செடியிலும் அப்படியே. மே மாதத்தில் பைகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது, தரையில் தேங்காய்நார் பரப்பிச் சூட்டைக் குறைப்பது, நர்சரியிலிருந்து வரும் நாற்றை ஒரு வாரம் தனியாக வைத்திருப்பது ஆகியவை அடுத்த கோடையில் வேலையைக் குறைக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? சிதம்பரம்காரர்களுக்கு அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் இருக்கிறது. கடலூர், பண்ருட்டி பக்கம் என்றால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், 'பாலூர் 1' கத்தரி வந்த இடம். விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம். போனில் கேட்க கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். நேரில் போகிறவர்கள் ரெண்டு மூணு இலையை நனைக்காமல் ஜிப் கவரில் போட்டு, பறித்த அன்றைக்கே கொண்டு போங்கள். கவரைத் திறந்து வைத்தபடி பஸ்ஸில் போனால், பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுத் தோட்டத்துக்கும் பேன் போய்ச் சேரும்.