பாலைவன நாட்டில் மழையும் வெள்ளமும்

அரபுத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்துள்ள ஓமான், பரப்பளவில் நமது மலேசியாவைவிடச் சற்றே சிறிய நாடு. பாலைவன நாடு என்று பெயர் பெற்றிருப்பினும், அங்கே குளிர்காலத்தில் நீர் உறையும் மலைகளும் உண்டு. தென்னையும் வாழையும் செழிக்கும் கரையோரமும் உண்டு. ஒரே நாட்டில் இத்தகைய வேறுபாடுகள் எவ்வாறு அமைந்தன என்பதைக் காண்போம்.

நம் நாடு பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறது. இப்பகுதியில் வெயிலால் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. ஈரத்தை இழந்த அக்காற்று உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பரவிச் சென்று, வடக்கே கடகரேகையை ஒட்டிய பகுதிகளில் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று வெப்பமடைவதால் அங்கு மேகம் திரள்வது அரிது. அந்தக் கடகரேகை ஓமானின் ஊடே செல்கிறது. ஆகவேதான், கடல் அருகிருந்தும் அந்நாடு வறண்டு கிடக்கிறது. நம் தோட்டப்புறங்கள் பலவற்றில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஓமானின் தலைநகரான மஸ்கட்டில் பெய்வதோ சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

மஸ்கட் அமைந்துள்ள வட கரையோரத்தில் கோடைகாலப் புழுக்கம் கொடியது. 2018ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், குரியாத் என்னும் கடலோர ஊரில், இரவிலும்கூட வெப்பம் 42.6 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவில்லை.

இக்கரையோரத்துக்குப் பின்னால் ஹஜர் மலைத்தொடர் ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. அங்குள்ள 'பச்சை மலை'யில் மாதுளையும் ரோஜாவும் பயிராகின்றன. மலைகள் ஈர்த்துத் தரும் சிறு மழையே அடிவார ஊர்களுக்கு உயிர்நாடி. நிலத்தடியில் ஊறும் அந்நீரைச் சரிவான கால்வாய்கள் மூலம் ஊருக்குக் கொண்டுவருகின்றனர். இதற்கு 'ஃபலஜ்' என்று பெயர். முதலில் குடிநீர், பின்னரே பாசனம். அவரவர் பங்கினை நேரத்தால் அளந்து, பகலில் சூரியனின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்துப் பகிர்ந்துகொண்டனர். இவற்றுள் ஐந்து கால்வாய்களை யுனெஸ்கோ 2006ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களாக அறிவித்தது.

தெற்கேயுள்ள டோஃபார் மாநிலத்தின் நிலையோ வேறு. ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அங்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. நம் நாட்டில் அக்காலத்தில் மழை குறைவு. டோஃபாரிலோ அதுவே பசுமைக் காலம். அக்காற்று கடலின் மேல்நீரை விலக்க, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மீது தவழும் ஈரக்காற்று மூடுபனியாகி மலைமுகத்தில் மோதி, தூறலாகச் சொரிகிறது. மரக்கிளைகள் பனித்துளிகளைப் பிடித்து வேருக்கு வார்க்கின்றன. மலையின் மறுபக்கமோ வறண்ட நிலம். அங்கே சாம்பிராணி மரங்கள் வளர்கின்றன.

இவ்வாறு ஏங்கிப் பெறும் மழையே சில வேளைகளில் உயிரையும் பறிக்கிறது. பாறை நிலம் நீரை உறிஞ்சுவதில்லை. தடுத்து நிறுத்தக் காடுமில்லை. மலையில் மழை கொட்டினால், ஆண்டு முழுவதும் வறண்டு கிடக்கும் 'வாடி' எனப்படும் ஆற்றுப்படுகையில் திடீரென வெள்ளம் பாய்ந்து வரும். அப்போது தாழ்விடத்தில் வானம் தெளிவாகவும் இருக்கலாம். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீசிய கோனு புயலில் சுமார் 50 பேர் ஓமானில் மாண்டனர். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத வெள்ளத்தில் பள்ளி மாணவர்கள் பலர் உட்பட ஏறத்தாழ 20 பேர் உயிரிழந்தனர். ஓடும் வாடியை வாகனத்தில் கடக்க முனைவோரைத் தண்டிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு.

மழை குறைந்த நாட்டில் வெள்ள அபாயமும் குறைவு என்று எண்ணுவது தவறு என்பதை ஓமான் நமக்கு உணர்த்துகிறது. நீரை உறிஞ்ச மண்ணும், தாங்கிப் பிடிக்க மரமும் இல்லாவிடில், சிறு மழையும் பெருவெள்ளமாகும். நம் தோட்டங்களின் ஓடைகளும் மேட்டு நிலத்து மழையால் பெருகக் கூடியவையே. தலைக்குமேல் வானம் தெளிவாயிருப்பினும், நீர் கலங்கி உயர்வதைக் கண்டால் உடனே பிள்ளைகளுடன் கரையேறுவதே அறிவுடைமை.