தைராய்டு புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர்கள் கூடிப் பேசுவது ஏன்? 'டியூமர் போர்டு' என்றால் என்ன?

கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. ஊசி மூலம் திசு எடுத்துப் பார்த்ததில் தைராய்டு புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ ஆபரேஷன்?" என்பதுதான். ஆனால் அதற்கு முன்பு பதில் தெரிய வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு சிகிச்சை தேவை? இதை ஒரே டாக்டர் முடிவு செய்யாமல், பல துறை நிபுணர்கள் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் கூட்டம்தான் 'டியூமர் போர்டு'.

பெயர் ஒன்று, நோய் நான்கு

தைராய்டு புற்றுநோயில் முக்கியமாக 4 வகைகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வருவது பாப்பிலரி வகை. மெதுவாக வளரும், நன்றாகக் குணமாகும். அடுத்தது ஃபாலிகுலர். மூன்றாவதான மெடுல்லரி வகை சிலருக்குப் பரம்பரையாக வரும் என்பதால், குடும்பத்தினருக்கும் மரபணு பரிசோதனை தேவைப்படலாம். நான்காவது அனாபிளாஸ்டிக். அரிதானது, ஆனால் மிக வேகமாகப் பரவும். இதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

டீமில் யார் யார்?

* பேத்தாலஜிஸ்ட்: திசுவைப் பார்த்து வகையைச் சொல்பவர். இவர் சொல்வதை வைத்துத்தான் மற்றதெல்லாம். புற்றுநோய் என்று அழைக்கப்பட்டுவந்த ஒரு வகைக் கட்டியை, 2016ல் நிபுணர்கள் அந்தப் பட்டியலில் இருந்தே நீக்கினார்கள்.
* ரேடியாலஜிஸ்ட்: கட்டியின் அளவு, கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதை ஸ்கேனில் பார்ப்பவர்.
* சர்ஜன்: குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டியே செல்கிறது. ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும் 4 பாராதைராய்டு சுரப்பிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. இவை பாதிக்கப்படாமல் ஆபரேஷன் செய்ய அனுபவம் தேவை.
* நியூக்ளியர் மெடிசின் நிபுணர்: ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு மட்டும் கதிரியக்க அயோடின் கொடுப்பவர். மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் வகைகளுக்கு இது பலன் தராது. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.
* எண்டோகிரைனாலஜிஸ்ட்: ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரையின் அளவைத் தீர்மானித்து, பல வருடங்கள் கண்காணிப்பவர்.

நோய் முற்றிய நிலையில் புற்றுநோய் மருந்து நிபுணரும், கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரும் சேர்வார்கள்.

சிகிச்சை அதிகமானால் என்ன ஆகும்?

இதற்குத் தென் கொரியாதான் உதாரணம். அங்கே பலரும் எந்த அறிகுறியும் இல்லாமலேயே கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 1993ஐ விட 2011ல், தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. ஆனால் இறப்பு விகிதம் மாறவே இல்லை. அப்படின்னா, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் ஆபத்து தராத சின்னச் சின்னக் கட்டிகளே அதிகம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு சுமார் 11 பேருக்கு பாராதைராய்டு பாதிப்பும், 2 பேருக்குக் குரல் நாண் செயலிழப்பும் ஏற்பட்டன.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, 1993 முதலே வேறு வழியில் போனது. 1 செ.மீ.க்குள் உள்ள, ஆபத்து குறைந்த பாப்பிலரி கட்டிகளை ஆபரேஷன் செய்யாமல் ஸ்கேன் மூலம் கண்காணித்தார்கள். பெரும்பாலானவை வளரவே இல்லை.

அதற்காக எல்லோரும் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. யார் காத்திருக்கலாம், யாருக்குப் பாதி தைராய்டை எடுத்தால் போதும், யாருக்கு முழுவதும் எடுக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் டீமின் வேலை. முழுவதும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க தினமும் மாத்திரை கட்டாயம். பாதி எடுத்தவர்களில் பலருக்கு அது தேவைப்படாது.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

* எனக்கு வந்திருப்பது எந்த வகை?
* என் ரிப்போர்ட் டியூமர் போர்டில் பேசப்பட்டதா?
* பாதி போதுமா, முழுவதும் எடுக்கணுமா? ஏன்?
* அயோடின் சிகிச்சை எனக்கு அவசியமா?

சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களில் எண்டோகிரைன் சர்ஜரிக்குத் தனித்துறையே இருக்கிறது. சந்தேகம் இருந்தால், ஸ்லைடு, ஸ்கேன், ரிப்போர்ட்களோடு இன்னொரு மருத்துவமனையிலும் கருத்து கேட்கலாம். பாப்பிலரி வகை என்றால் அதற்குப் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. ஆனால் கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சுவிட, விழுங்க கஷ்டமாக இருந்தாலோ தாமதிக்கக் கூடாது.